திடலுக்குப் போகும் பிள்ளைகளிடம் என்ன சொல்லி அனுப்புவது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கோயில் வாட்சாப் குழுவில் நாலு நாளா ஓடுற பேச்சுக்கு இது எங்கள் பதில். அங்கே எழுதினா நடுவுல காலை வணக்கப் படம் நாலு வந்து விழுந்து விஷயமே காணாமப் போயிடுது. அதனால இங்கே எழுதுகிறோம்.

நம்ம வட்டாரத்து இடைநிலைப்பள்ளிக் காற்பந்துக் குழு அடுத்த வாரம் மாவட்டப் போட்டியில் ஆடப் போகுது. குழுவில் பாதிக்கு மேலே நம்ம பிள்ளைகள். தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், அப்பா அம்மா தாமான் வீட்டுக்கு வந்து ஃபேக்டரி பஸ் ஏறுகிறவர்கள். போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் பயிற்சி ஆசிரியர் கேட்டிருக்கார்: "ஐயா, பையனுங்க பஸ் ஏறுறதுக்கு முன்னே கோயில்லேருந்து யாராவது வந்து ரெண்டு வார்த்தை ஊக்கமா பேசுங்க." யார் பேசுவது, என்ன பேசுவது என்பதுதான் விவாதம்.

"நல்லா சூடா பேசணும், கேக்குற பையனுக்கு ரத்தம் கொதிக்கணும்" என்று பலர் எழுதியிருக்கீங்க. எங்கள் கருத்து வேற. ஏன்னா, போன வருஷம் சூடா பேசியது நாங்கள்தான். அதன் பலனையும் பார்த்தவர்கள் நாங்கள்தான்.

காலை ஏழு மணி, பள்ளி வாசல். வெள்ளை வேட்டி, மஞ்சள் துண்டு, கையில் விபூதித் தட்டோடு போய் நின்னோம். ரெண்டு வார்த்தை கேட்டாங்க, நாங்கள் 25 நிமிஷம் பேசினோம். "நீங்க உதைக்கப் போறது பந்து இல்ல, நம்ம இனத்தோட மானம். உங்க பாட்டன் பூட்டன் சிந்துன வேர்வைக்கு இன்னிக்கு பதில் சொல்லணும். தோத்துட்டு வந்து எங்க முகத்துல முழிக்காதீங்க." பிள்ளைகள் "வெற்றிவேல், வீரவேல்" என்று கத்தினாங்க. எங்களுக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. வீடியோ எடுத்துப் போட்டோம். நீங்களும் கை தட்டினீங்க.

அரையிறுதி ஆட்டம் சமநிலையில் முடிஞ்சு பெனால்டிக்குப் போச்சு. கடைசியா உதைத்தவன் நான்காம் படிவம் படிக்கிற ஒரு பையன். வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வந்து அன்னதானத்துக்கு இலை போடுற பிள்ளை. பந்து கம்பத்துக்கு மேலே போயிடுச்சு. தோத்தாச்சு.

அடுத்த வெள்ளி அவன் வரலை. அதுக்கடுத்த வெள்ளியும் வரலை. பரீட்சையா இருக்கும்னு நினைச்சோம். மூணாவது வாரம் அன்னதான வரிசையில் அவன் அம்மா நின்னாங்க. "தம்பி எங்கே காணோம்?" என்று கேட்டோம். அந்த அம்மா சத்தம் போடலை. "நீங்கதானே ஐயா சொன்னீங்க, தோத்தா முகத்துல முழிக்காதேன்னு. அதான் முழிக்காம இருக்கான்" என்றார்கள்.

கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைக்கக் கூட தோணலை எங்களுக்கு.

நாங்கள் பேச்சுக்குச் சொன்னோம். அவன் நிஜமா எடுத்துக்கிட்டான். பதினாறு வயசுப் பிள்ளைக்குப் பெரியவங்க சொல்றது பேச்சு இல்லை, உத்தரவு. திடலையும் விட்டான், கோயிலையும் விட்டான். ரெண்டையும் விட்ட நம்ம பையன்கள் சாயங்காலத்தில் யார் கூடப் போய் நிற்பாங்கன்னு உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஊக்கம் கொடுக்கப் போய் ஒரு பிள்ளையைத் தொலைச்சுட்டு வந்தோம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். மானம் என்கிற வார்த்தையை நாங்கள் குறைச்சு பேசலை. இந்தக் கெடா மண்ணில் 1946, 47-இல் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழும்பியது. கள்ளுக்கடையை எதிர்த்து நின்னாங்க, அடியும் வாங்கினாங்க. அது மானத்துக்கான போராட்டம். ஆனா அதில் முன்னே நின்றவர்கள் வளர்ந்த ஆட்கள், பாரம் என்னன்னு தெரிஞ்சு தோளில் தூக்கினவங்க. ஒரு சமூகத்தின் பாரத்தை ஒரு பையன் உதைக்கிற ஒரு பெனால்டி மேலே தூக்கி வைக்கிறது என்ன நியாயம்? அது நம்ம தோளில் இருக்க வேண்டிய பாரம்.

நம்ம புராணத்திலேயே இதுக்கு வழி இருக்கு. கடற்கரையில் வானரங்கள் எல்லாம் சோர்ந்து உட்கார்ந்திருக்கு. இலங்கைக்கு யார் தாண்டுவது? அங்கதன் எழுந்து, "நான் போயிடுவேன், திரும்பி வருவேனா என்பது உறுதியில்லை" என்றான். ஜாம்பவான் அவனை உசுப்பேத்தி அனுப்பி வைக்கலை, வேண்டாம்னு நிறுத்தினார். அப்புறம் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அனுமனிடம் போனார். "தோத்தா முகத்துல முழிக்காதே" என்று சொல்லலை. நீ யார், குழந்தையா இருந்தப்பவே சூரியனைப் பிடிக்கத் தாவினவன் நீ, உன் பலம் உனக்கு மறந்து போச்சு என்று ஞாபகப்படுத்தினார். அவ்வளவுதான். புதுசா ஒண்ணும் கொடுக்கலை. இருந்ததை எடுத்துக் காட்டினார். ஊக்கம் என்றால் எங்களுக்கு இனிமே ஜாம்பவான் பேச்சுதான்.

இன்னொரு பேச்சும் புராணத்தில் இருக்கு. கர்ணனுக்குத் தேரோட்டியா உட்கார்ந்த சல்லியன் பேச்சு. போர் நடக்கும்போதே, நீ அர்ஜுனனுக்கு ஈடாவாயா என்று கர்ணனை மட்டம் தட்டிக்கிட்டே வந்தார். கர்ணன் மனசு தளரணும் என்று தருமர் கேட்டுக்கொண்டதற்காகச் செய்த வேலை அது. திடல் ஓரத்தில் நின்னு "டேய், கண்ணு தெரியலையா? இதைக்கூட அடிக்கத் தெரியாதா?" என்று சொந்தப் பிள்ளையைப் பார்த்துக் கத்துகிற அப்பாமார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். சல்லியனையாவது எதிரி கேட்டுக்கிட்டான். நம்மளை யார் கேட்டா?

எவ்வளவு நேரம் பேசணும் என்பதையும் சொல்லிடறோம். எஸ்.பி.எம். முடிச்சு ஃபேக்டரியில் சேர்ந்து இன்னிக்கு சூப்பர்வைசரா இருக்கோம். தினமும் ஷிப்டு ஆரம்பிக்கும் முன்னே ஆட்களை நிற்க வைத்துப் பேசுவது எங்கள் வேலை. பல வருஷத்தில் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: மூணு விஷயத்துக்கு மேலே சொன்னா முதல் விஷயமும் மறந்து போகும். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விடியக்காலையிலேயே திட்டு விழும் என்று பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கோம். திட்டு வாங்கினவன் அன்னிக்கு மரம் கூடுதலா வெட்டினான் என்று யாரும் சொன்னதில்லை. கண்ணன் அர்ஜுனனுக்கு கீதை 700 சுலோகம் சொன்னார் என்று கேட்பீங்க. சரிதான். ஆனா நம்ம பள்ளி பஸ் காத்திருக்காது.

பேச்சு ஆட்டத்தை ஜெயிச்சுக் கொடுக்கும் என்கிற நம்பிக்கையும் வேண்டாம். 2010 ஏ.எஃப்.எஃப். கிண்ணத்தை நினைச்சுப் பாருங்க. நம்ம கே. ராஜகோபால் பயிற்சியாளர். டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி. அதே மாசம் இறுதிச் சுற்றில் அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0 என்று ஜெயிச்சோம். 29-ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோத்தாலும் மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. மலேசியாவுக்கு அந்தக் கிண்ணம் அதுதான் முதல் முறை. நாட்டுக்கே பொது விடுமுறை விட்டாங்க. 5-1 என்று தோத்த அன்னிக்கு அந்தப் பிள்ளைகளிடம் யாராவது "முகத்துல முழிக்காதே" என்று சொல்லியிருந்தா, நாலு வாரத்தில் கிண்ணம் வந்திருக்குமா? தோல்விக்கு அடுத்த நாள் பயிற்சிக்கு வர மனசு இருக்கணும். அந்த மனசைக் காப்பாத்துவதுதான் பெரியவங்க வேலை.

பெனால்டி தவறவிட்ட பையனுக்காக இன்னொண்ணும் சொல்றோம். 1994 உலகக் கிண்ண இறுதி ஆட்டம், பிரேசிலும் இத்தாலியும். நம்ம ஊர் நேரத்துக்கு விடியக்காலை மூன்றரை மணிக்குக் கண் விழிச்சுப் பார்த்தவங்க நம்மில் எத்தனையோ பேர். ரோபர்ட்டோ பாஜியோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. அதே ஆட்டத்தில் இத்தாலிக்கு பரேசியும் மசாரோவும் கூடத்தான் பெனால்டியைத் தவறவிட்டாங்க. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த உலகக் கிண்ணத்தில் 5 கோல் போட்டு இத்தாலியை இறுதிக்குக் கொண்டு வந்ததே பாஜியோதான். அதுவும் ஞாபகம் இல்லை. கடைசியா உதைத்தவன் மேலே எல்லாத்தையும் போட்டுவிடுவது உலகத்து வழக்கம். கோயிலிலுமா அந்த வழக்கம்?

இன்னொரு தவறும் எங்கள் மேலே இருக்கு. கோல்கீப்பர் மலாய்ப் பையன். பின்னால் ஆடுறவங்களில் ரெண்டு பேர் சீனப் பிள்ளைகள். நாங்கள் தமிழில் முழங்கிக்கிட்டு இருந்த 25 நிமிஷமும் அவங்க ஓரமா நின்னு ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரே குழுவை நாங்களே ரெண்டா பிரிச்சு பஸ் ஏத்தி விட்டோம். கெடா 2006/07-இலும் 2007/08-இலும் அடுத்தடுத்து லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூணையும் தூக்கியபோது, கோல் போட்டவன் என்ன ஆளுன்னு பார்த்தா நாம் துள்ளினோம்? பச்சை மஞ்சள் சட்டையைத்தானே பார்த்தோம்? ஆகவே விபூதி, அர்ச்சனை எல்லாம் விரும்பி வர்ற பிள்ளைகளுக்கு முதல் நாள் சாயங்காலம் கோயிலில். பள்ளி வாசலில் எல்லாருக்கும் புரிகிற மலாயில் பேசுவோம்.

எதிரணி தோற்கணும் என்று வேண்டுதலும் வேண்டாம். கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து வர்ற பிள்ளையும் நெத்தியில் விபூதியோடதான் வருவான். முருகன் எந்தப் பக்கம் கோல் போடுவார்? காயம் இல்லாம ஆடி முடிக்கணும் என்று வேண்டுவோம். அது ரெண்டு பக்கத்துக்கும் பலிக்கும்.

சரி, என்னதான் பேசுவது? நாங்கள் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்:

"தம்பிகளா, மூணு மாசமா வெயிலில் ஓடினதை நாங்க பார்த்திருக்கோம். கத்துக்கிட்டதை ஆடுங்க. பக்கத்தில் உள்ளவன் தப்பு பண்ணா முதலில் போய் அவன் தோளைத் தட்டுங்க. நடுவரிடம் வாய் கொடுக்காதீங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் சாயங்காலம் சாப்பாடு தயாரா இருக்கும், பதினெட்டு பேரும் வரணும்."

ஒரு நிமிஷம் கூட ஆகாது.

தைப்பூசத்தில் நாம் செய்வதும் இதுதானே? காவடி தூக்குகிறவர் முன்னே நின்னு யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. கூடவே நடக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம், கால் தள்ளாடினா தாங்கிப் பிடிக்கிறோம். அவர் பாதி வழியில் உட்கார்ந்துட்டா முகத்துல முழிக்காதேன்னா சொல்றோம்? பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறி விடறோம். தொண்டு என்றால் அதுதான். திடலிலும் அதையே செய்வோம்.

பக்தர்களுக்கு மூணு வேண்டுகோள். ஆட்டத்தன்னிக்கு லீவு கிடைக்கிறவங்க திடலுக்கு வாங்க. சல்லியனா வராதீங்க. சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, காய்கறி கொடுக்க விரும்புறவங்க கோயில் அலுவலகத்தில் சொல்லுங்க. தோத்தா சாப்பாட்டில் ஒரு அயிட்டம் கூட குறையக் கூடாது, முடிஞ்சா பாயசம் அன்னிக்குத்தான் வைக்கணும்.

கடைசியா அந்தப் பையனைப் பத்தி. அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா முன்னாலேயே, "தம்பி, அன்னிக்கு நாங்க பேசினது தப்பு" என்று சொன்னோம். வயசுப் பையனிடம் போய் மன்னிப்பா என்று குழுவில் ஒருத்தர் கேட்டிருக்கீங்க. ஆமாங்க, கேட்டோம், ஒண்ணும் குறைஞ்சு போகலை. அவன் ஒண்ணும் சொல்லலை, தலையை மட்டும் ஆட்டினான். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வெள்ளிக்கிழமை வந்து, எங்களைப் பார்க்காம, நேரா சமையல்கட்டுக்குப் போய் இலையை எடுத்தான்.

இந்த வருஷம் குழுவில் அவன் பேர் இல்லை. பந்தை இன்னும் தொடலை. ஆனா அடுத்த வாரம் குழுவுக்குத் தண்ணீர் தூக்க வர்றேன்னு சொல்லியிருக்கான். பள்ளி வாசலில் நாங்கள் பேசும்போது அவனும் அங்கே நிற்பான். அவன் காது கேட்கிற இடத்தில் நின்னு என்ன சொல்லலாமோ, அதை மட்டும் சொல்வோம்.