24 மணி நேர சேவை மெடிக்கல் ஷாப்புக்குத்தான், மனுஷனுக்கு இல்லை!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சோம்பேறியின் புலம்பல் இல்லை. நானும் ஆணி பிடுங்குகிறவன்தான். பி.காம் மூன்றாம் வருடம். மதியம் வரை கல்லூரி, அதற்குப் பிறகு செங்கல்பட்டில் ஒரு சின்ன கணக்கு அலுவலகத்தில் டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி வேலை. மாதம் 6000 ரூபாய். சேர்ந்த புதிதில் ராத்திரி 10.45-க்கு "தம்பி, அந்த பில்லைக் கொஞ்சம் பாரு" என்று வாட்ஸப்பில் வந்தால், 10.46-க்கு "ஓகே சார்" போட்டுவிடுவேன். அந்த ஒரு நிமிடத்தில்தான் என் எதிர்காலமே இருப்பதாக நினைப்பு :)

நாலு மாதத்தில் என்ன கிடைத்தது? "அவன்கிட்ட குடுங்க, அவன் எப்ப வேணா பண்ணுவான்" என்கிற பட்டம்தான். எப்ப வேணாலும் கிடைக்கிற சரக்குக்கு விலை ஏது? டிமாண்ட், சப்ளை எல்லாம் முதல் செமஸ்டரிலேயே படித்தோமே மக்களே, பரீட்சையோடு மறந்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். காரில் வந்த ஒருவர் பிள்ளையார் சிலை பத்தே நாளில் வேண்டும் என்றார். சிற்பி உளியைக் கீழே வைக்கவில்லை. "ஒன்றரை மாசம் ஆகும் சார். சரின்னா சொல்லுங்க." அவ்வளவுதான். வந்தவர் கோபித்துக்கொண்டு போகவில்லை, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். சிற்பி வேலையை மறுக்கவில்லை, நேரத்தைத்தான் சொன்னார். மரியாதை அங்கேதான் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை நானும் சொல்லிவிட்டேன். "சார், ராத்திரி 8 மணிக்கு மேல வர்ற மெசேஜை மறுநாள்தான் பார்ப்பேன். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. அந்த ரெண்டு நாளும் முடியற வரைக்கும் இருக்கேன்." வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாலாவது நாள் சாயங்காலம் 5 மணிக்கே பில் கட்டு என் மேசைக்கு வந்துவிட்டது. அதாவது, ராத்திரி வந்த வேலை எதுவும் ராத்திரி வேலையே இல்லை!

இதோடு முடித்தால் தன்னம்பிக்கைப் புத்தகம் ஆகிவிடும். அதே அலுவலகத்தில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு குழந்தைகள், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. "நீ சொல்லிடுவ தம்பி, நான் சொன்னா நாளைக்கு வேற ஆள் வருவாங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்கு வேலை போனால் பாக்கெட் மணி போகும். அவருக்கு அரிசி போகும். எல்லை வகுப்பது தைரியத்தால் மட்டும் நடப்பதில்லை, முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும்.

அது சட்டம்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். "ஓகே சார்" போட்ட ராத்திரிகளுக்கு யாராவது கணக்கு எழுதினோமா? கணக்கு எழுதுவதே நம் தொழில் :(

மேலே இருப்பவர்கள் வேறு கணக்கு சொல்கிறார்கள். நம்ம ஊர் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸின் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, 2023-ல் வாரம் 70 மணி நேரம் என்றார். 2025-ல் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். 90-ஐ ஏழு நாளுக்கும் வகுத்துப் பாருங்கள், ஞாயிறு உட்பட நாளுக்குக் கிட்டத்தட்ட 13 மணி. கம்பெனியில் பங்கு வைத்திருப்பவருக்கு அது லட்சியமாக இருக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு என்ன பங்கு?

நாமாகக் கேட்காமல் எதுவும் நிற்காது என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1-ல் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்குச் சரியாக 100 வருடம்!

பிரான்சில் வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமை 2017-லிருந்து சட்டமாகவே இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் கொண்டுவந்தது தனிநபர் மசோதா, அது சட்டமாகவில்லை.

ஆகவே, வேலைக்குப் போகப்போகும் வகுப்புத் தோழர்களே, இன்டர்வியூவில் சம்பளம் கேட்கும்போதே நேரத்தையும் கேளுங்கள். சொல்ல முடிகிறவன் முதலில் சொல்லட்டும். நாலு பேர் சொன்னால்தான் அந்த அக்காவும் ஐந்தாவதாகச் சொல்ல முடியும்.