தாழ்ந்து நிற்கும் காரெல்லாம் ஒழுகும் கார் இல்லை

பழைய சிட்ரோன் கார் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் தரையைத்தான் பார்ப்பார். அங்கே பச்சையாக நாலு சொட்டு எண்ணெய் கிடந்தால் விலை சரியும். பல நேரம் பேச்சே அத்தோடு முறியும். ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் என்றால் ஒழுகும், ஒழுகினால் சொத்தையே விற்றுத்தான் சரிசெய்ய வேண்டும் என்கிற பயம் ஐரோப்பாவில் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. ஓடக்கூடிய நல்ல வண்டிகள்கூட இந்தப் பயத்தாலேயே காயலான் கடைக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு ரப்பர் குழாயை மாற்றியிருந்தாலே போதும்.

பால் மாஜெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு இந்த சஸ்பென்ஷன். 1954இல் டிராக்‌ஷன் அவான் காரின் பின்சக்கரங்களில் முதலில் வந்தது. 1955 அக்டோபர் 5 அன்று பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நான்கு சக்கரங்களுக்கும் இதைப் பொருத்திய டிஎஸ் காரைத் திரைவிலக்கிக் காட்டியபோது, அன்று ஒரே நாளில் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். சுருள்வில் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புக் கோளம். அதன் ஒரு பாதியில் நைட்ரஜன் வாயு, மறுபாதியில் எண்ணெய், நடுவே ஒரு ரப்பர் சவ்வு. மேடு பள்ளத்தில் அமுங்கி விரிவது வாயு. பாரத்தை அதனிடம் கொண்டு சேர்ப்பது எண்ணெய். என்ஜின் சுழற்றும் பம்ப் அந்த எண்ணெயை ஏறத்தாழ 145 முதல் 170 பார் அழுத்தத்தில் வைத்திருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான்.

இந்த அழுத்தத்தைக் கேட்டதும் மெக்கானிக்குகள் மிரள்வதில் வியப்பில்லை. ஆனால் மிரட்சியில் பாதி, அறிகுறிகளைக் குழப்பிக்கொள்வதால் வருவது.

இரவு நிறுத்திய வண்டி காலையில் தரையோடு தரையாக இறங்கிக் கிடக்கிறது என்பது முதல் புகார். அது ஒழுகலே இல்லை. உயரத்தைச் சீராக்கும் வால்வுகளுக்குள் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அதன் வழியே எண்ணெய் மெல்லத் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. என்ஜினை முடுக்கினால் வண்டி எழுந்து நிற்கும். தொட்டியில் அளவு குறையவில்லை என்றால் வெளியே எதுவும் போகவில்லை என்று அர்த்தம். 1990களின் நடுவில் எக்ஸ்எம், சான்டியா கார்களில் இறங்காமல் தடுக்கும் வால்வையே சேர்த்துவிட்டார்கள்.

வண்டி கட்டைபோல் குதிக்கிறது என்பது அடுத்த புகார். இதுவும் எண்ணெய் சமாச்சாரம் இல்லை. நைட்ரஜன் வருடக்கணக்கில் சவ்வின் வழியே கசிந்து குறைந்திருக்கும். ஆயில் ஃபில்டரைப் போலக் கோளத்தைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் போட்டால் தீர்ந்தது. பம்ப் அழுத்தம் ஏற்றும்போது கேட்கும் ‘டிக்’ ஒலியும் விஷயம் சொல்லும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை கேட்டால் அழுத்தத்தைச் சேமிக்கும் கோளம் செத்துவிட்டது, அல்லது உள்ளுக்குள்ளேயே எண்ணெய் அதிகமாகத் திரும்பி ஓடுகிறது.

அளவு உண்மையிலேயே குறைந்தால்தான் ஒழுகலைத் தேட வேண்டும். அதற்கும் முதலில் ஒழுங்காக அளக்கத் தெரிய வேண்டும்: என்ஜின் ஓட, வண்டி முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும்போதுதான் தொட்டி சரியான அளவைக் காட்டும். தாழ்ந்து நிற்கையில் பார்த்தால் நிறைந்திருப்பதாகவே தோன்றும். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க, அடிப்பாகத்தைத் துடைத்து, கீழே பழைய செய்தித்தாளை விரித்து, ஓர் இரவு விட்டால் போதும். பின்சக்கரத்தருகே சொட்டினால் சஸ்பென்ஷன் சிலிண்டரின் ரப்பர் உறையோ, அதிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயோ வெடித்திருக்கும். இந்தத் திரும்பு குழாய்களில் அழுத்தம் அநேகமாகக் கிடையாது. வயதாகி விரிசல் விடுவதும் இவைதான், விலை மலிவும் இவைதான். பின்பக்கம் ஓடும் 3.5 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் மட்டும் கதை வேறு. அது உயர் அழுத்தக் குழாய். போனால் ஒரே நொடியில் போகும்.

அங்கே அசட்டையாக இருக்கக் கூடாது. இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் பிரேக்கும் அதே எண்ணெயில்தான் இயங்குகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். சஸ்பென்ஷன் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று நம்பி, ஸ்டாண்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. அழுத்தத்தை இறக்காமல் குழாயைத் தளர்த்தினால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்து போலத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

எண்ணெயை மாற்றி ஊற்றிக் கெடுத்த வண்டிகள் தனிக்கதை. ஆரம்பகால டிஎஸ் கார்களுக்குச் சிவப்பு எண்ணெய். 1960களின் பிற்பகுதியில் வந்த பச்சைக் கனிம எண்ணெய் எல்ஹெச்எம். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயிருக்கும் சீல்கள் உருக்குலையும். சாதாரண பிரேக் ஆயிலை எல்ஹெச்எம் தொட்டியில் ஊற்றுவதும் அப்படித்தான். சிட்ரோனிடம் உரிமம் பெற்று இதே நுட்பத்தைக் கையாண்ட ரோல்ஸ் ராய்ஸிலும் இந்தச் சிக்கல் உண்டு: 1965இன் சில்வர் ஷேடோவுக்கு பிரேக் ஆயில் வகை, 1980இன் சில்வர் ஸ்பிரிட்டுக்குக் கனிம எண்ணெய். எண்ணெயில் சிக்கனம் பார்த்து ஒழுகலை விலைக்கு வாங்குவது இப்படித்தான்.

கோளங்களைக் கடைசியாகச் சுமந்த சி5 கார் 2017இல் நின்றுபோனது. இன்று திருவள்ளூர் ஆலையிலிருந்து வரும் சிட்ரோன் கார்களில் இருப்பது வழக்கமான சுருள்வில்தான். ஆகவே, இனிப் புதிதாகக் கிடைக்காத, ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் ‘எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை. எந்த இணைப்பில் ஒழுகுகிறது, அது அழுத்தக் குழாயா திரும்பு குழாயா என்று அவர் விரல் வைத்துக் காட்டட்டும்; பில் அதற்குப் பிறகு வரட்டும்.