அரியலூருக்காகப் பதவி துறந்தவர்

பச்சைமலையில் நல்ல மழை பெய்தால் பெரம்பலூர்ப் பக்கத்து மக்களுக்குச் சந்தோஷம். ஏரி நிறையும். கிணறு ஊறும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு மருதையாற்றில் இறங்கி, அரியலூர்ச் சீமை வழியாக ஓடி, கொள்ளிடத்தில் கலக்கிறது. மழை இல்லாத நாளில் மருதையாற்றைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. மழை வலுத்துவிட்டால் ஒரே இரவில் அதன் முகம் மாறிவிடும்.

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந் தேதி இரவு அப்படித்தான் மாறியது. அன்று சென்னை எழும்பூரில் இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. ஊருக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் என்று பெட்டிகளில் நல்ல கூட்டம். விடியற்காலையில் ரெயில் அரியலூரைத் தாண்டியது. அடுத்த ஸ்டேஷன் கல்லகம். இடையில் மருதையாற்றுப் பாலம். இரவெல்லாம் பாய்ந்த வெள்ளம் அந்தப் பாலத்தைப் பலவீனப்படுத்தி இருந்தது. அது தெரியாமல் ரெயில் பாலத்தில் ஏறியது.

என்ஜினும் முன்பக்கத்துப் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. தூக்கத்தில் இருந்தவர்கள் தூக்கத்திலேயே போனார்கள். சுமார் 150 பேர் இறந்தார்கள்.

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த தாலுகா ஊர்கள். வெளி மாகாணத்தில் அவற்றின் பெயரை யாரும் கேட்டது இல்லை. ஒரே நாளில் அரியலூர் என்ற பெயர் டெல்லி பாராளுமன்றத்தில் ஒலித்தது.

ரெயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பிரதமர் நேருவிடம் கொடுத்தார். அது முதல் கடிதம் அல்ல. சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து ரெயில் கவிழ்ந்து 100 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே அவர் விலக விரும்பினார். நேரு சம்மதிக்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு சாஸ்திரி விடவில்லை. நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மேல் குற்றம் இருக்கிறது என்பதற்காக ஏற்கவில்லை, பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் அவர் பாராளுமன்றத்தில் பேசினார்.

சிலர் கேட்கலாம்: டெல்லியில் இருக்கும் மந்திரியா வந்து பாலத்தை இடித்தார்? மழை பெய்ததற்கு அவர் என்ன செய்வார்? அவர் போய்விட்டால் பாலம் உறுதியாகிவிடுமா?

நியாயமான கேள்விதான். ராஜினாமாக் கடிதத்தால் பாலம் உறுதியாகாது. பாலத்துக்குக் கல்லும் இரும்பும் வேண்டும். வெள்ளக் காலத்தில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் மேல் நடந்து பார்க்கிற ஆள் வேண்டும். ஆனால், ஒரு விபத்து நடந்தால் நம் நாட்டில் முதலில் யார் பெயர் வெளியே வரும்? கேட் கீப்பர் பெயர். சிக்னல்காரர் பெயர். கொட்டும் மழையில் ரோந்து போன கேங்மேன் பெயர். சம்பளத்தில் கடைசிப் படியில் இருப்பவர்தான் விசாரணையில் முதல் படியில் நிற்பார். மேலே இருப்பவர் "என்னையும் சேர்த்துக் கேளுங்கள்" என்று வந்து நின்றால்தான், பாலத்துக்கு ஏன் பணம் ஒதுக்கவில்லை, ஆள் ஏன் போதவில்லை என்ற கேள்விகள் பிறக்கும். சாஸ்திரி செய்தது அதுதான்.

வீட்டிலும் இதைப் பார்க்கிறோம். கடையில் வேலை செய்யும் பையன் கணக்கில் தப்புச் செய்துவிட்டால், "என் கடை, நான் பார்த்திருக்க வேண்டும்" என்று சொல்கிற முதலாளியும் உண்டு. பையன் காதைத் திருகுகிற முதலாளியும் உண்டு. வாடிக்கைக்காரர்கள் யாரை நம்புவார்கள்?

யார் இந்த சாஸ்திரி?

1904-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காசிக்குப் பக்கத்தில் உள்ள மொகல்சராயில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். குழந்தைக்கு 2 வயது நிறையும் முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாய் ராம்துலாரி தன் பிறந்த வீட்டில் வைத்துப் பிள்ளையை வளர்த்தார். பெயருக்குப் பின்னால் ஸ்ரீவாஸ்தவா என்ற சாதிப் பெயர் இருந்தது. அதை அவரே எடுத்துவிட்டார். சாஸ்திரி என்பது காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம். சாதிப் பெயர் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். 1928-ல் லலிதா தேவியை மணந்தபோது அவர் சீதனமாக வாங்கிக்கொண்டது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும்தான்.

உத்தரப் பிரதேசத்தில் போலீஸ் மந்திரியாக இருந்தபோது, கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்குப் பதிலாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார். பஸ்களில் பெண் கண்டக்டர்களை நியமித்தார். ரெயில்வேக்கு வந்ததும் மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு மின்சார விசிறி கிடைக்க ஏற்பாடு செய்தார். எல்லாம் பெரிய பெரிய திட்டங்கள் அல்ல. வேர்வையில் நனைந்து பயணம் செய்தவருக்குத்தான் ஒரு விசிறியின் அருமை தெரியும்.

1963-ல் நம் காமராசர் ஒரு யோசனை சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்றார். சென்னை முதல்-மந்திரி பதவியை அவரே விட்டார். உள்துறை மந்திரியாக இருந்த சாஸ்திரியும் விட்டார். மறு ஆண்டு நேரு காலமானபோது, அடுத்த பிரதமர் யார் என்பதைப் பேசி முடித்தவர் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர். 1964 ஜூன் 9-ந் தேதி சாஸ்திரி பிரதமரானார்.

அப்போது நாட்டில் அரிசிக்கும் கோதுமைக்கும் பஞ்சம். தானியத்துக்காக அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்தோம். அங்கே ஜனாதிபதியாக இருந்தவர் லிண்டன் ஜான்சன். அவரும் சீர்திருத்தக்காரர்தான். இளவயதில் டெக்சாஸ் மாநிலத்தில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிகப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். ஓட்டலிலும் கடையிலும் கறுப்பு மக்களை ஒதுக்கக் கூடாது என்று 1964-ல் சட்டம் கொண்டுவந்தார். 1965-ல் அவர்களின் ஓட்டுரிமையைச் சட்டம் போட்டுக் காத்தார். வயதானவர்களின் வைத்தியச் செலவுக்கும் அதே ஆண்டு வழி செய்தார்.

அந்த ஜான்சனே நமக்கு வரும் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து அனுப்பினார். 1965-ல் சாஸ்திரி அமெரிக்கா வருவதாக இருந்ததையும் கடைசி நேரத்தில் தள்ளிப் போட்டார். தன் நாட்டு ஏழைக்கு இரங்கிய மனிதர், அடுத்த நாட்டு ஏழையின் சோற்றைக் கயிறாகப் பிடித்துக்கொண்டார். உழவுக்கு நாம் சரியாகப் பணம் ஒதுக்கவில்லை என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது. வியட்நாம் போரை நாம் குறை சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

சாஸ்திரி என்ன செய்தார்? திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டார். கேட்பதற்கு முன் தன் வீட்டில் செய்து பார்த்தார். விவசாயத்தை நம் சி.சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். நல்ல விளைச்சல் தரும் புது விதைகளுக்கு வழி பிறந்தது. 1966-ல் 18 ஆயிரம் டன் மெக்சிகோ கோதுமை விதை வந்தது. ஆனால் அதைப் பார்க்க சாஸ்திரி இல்லை. இந்திய உணவுக் கழகம் 1965-ல் பொங்கல் நாளில் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. தேசியப் பால் வள வாரியமும் அந்த ஆண்டுதான் வந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு, கசப்பானதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம்.

அரியலூருக்குப் பக்கத்தில் கீழப்பழுவூர். அந்த ஊர்ச் சின்னசாமி 1964 ஜனவரி 25-ந் தேதி திருச்சி ரெயில் நிலையத்தில் தமிழுக்காக உயிர் நீத்தார். நாடு அந்தச் சாவைச் சரியாகக் கேட்கவில்லை. மறு ஆண்டு 1965 ஜனவரி 26-ந் தேதி இந்தி ஆட்சிமொழியாகும் நாள் வந்தது. தமிழ்நாட்டில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டார்கள். அப்போது பிரதமர் சாஸ்திரி. மத்திய மந்திரிகளாக இருந்த சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். இதே அழகேசன்தான் அரியலூர் விபத்தின்போது ரெயில்வே துணை மந்திரி. அதைச் சொல்லியே 1957 தேர்தல் மேடைகளில் அவரை வறுத்து எடுத்தார்கள்.

பிப்ரவரி 11-ந் தேதிதான் சாஸ்திரி ரேடியோவில் பேசினார். மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி கொடுத்தார். அதே பேச்சை ஜனவரி முதல் வாரத்தில் பேசியிருந்தால்? 150 பேர் சாவுக்குக் கலங்கிய மனம், தெற்கே எழுந்த கூக்குரலைக் கேட்கத் தாமதித்தது. அவருடைய பெருமையை எழுதும்போது இதையும் எழுத வேண்டும்.

1966 ஜனவரி 10-ந் தேதி தாஷ்கண்டில் பாகிஸ்தானோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அன்று நள்ளிரவுக்குப் பின் மாரடைப்பால் காலமானார். வீட்டில் ஒரு பியட் கார் இருந்தது. விலை 12 ஆயிரம் ரூபாய். அதில் 5 ஆயிரம் பாங்கில் வாங்கிய கடன். லலிதா தேவி தன் பென்ஷன் பணத்தில் அந்தக் கடனை அடைத்தார்.

அரியலூருக்குப் பிறகு எத்தனையோ ரெயில்கள் கவிழ்ந்துவிட்டன. 1999-ல் கைசல் விபத்துக்குப் பின் நிதிஷ்குமார் விலகினார். மற்றபடி விசாரணைக் கமிஷன், நஷ்ட ஈடு, சின்ன உத்தியோகஸ்தர் சஸ்பெண்டு, இவ்வளவுதான் பெரும்பாலும் நடக்கிறது. எல்லா விபத்துக்கும் மந்திரி வீட்டுக்குப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கேங்மேன் பெயரைச் சொல்லும் முன்பு, மேலே இருப்பவர் தன் பெயரைச் சொல்லட்டும் என்கிறோம். விசாரணை அறிக்கை வந்ததும், அதில் சொன்ன வேலைகளில் எதை முடித்தார்கள், எதை முடிக்கவில்லை என்று ஒரு வருடத்துக்குள் மக்களுக்கு அறிவிக்கட்டும்.

பெரம்பலூருக்கு ரெயில் இல்லை. அங்கிருப்பவர்கள் அரியலூருக்கு வந்துதான் ரெயில் ஏறுகிறார்கள். திருச்சிப் பக்கம் போகும் ரெயிலில் ஏறினால் சில நிமிஷங்களில் மருதையாறு வரும். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், 1956 நவம்பரில் இங்கே என்ன நடந்தது, அதற்காக டெல்லியில் யார் பதவியை விட்டார் என்று சொல்லிக் காட்டுங்கள். கீழப்பழுவூர் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.