ஈஸ்ட் என்று எழுதினால் போதுமா?

ஈஸ்ட் என்றதும் நம்மில் பலருக்கு ரொட்டியும் ஆப்பமுமே நினைவுக்கு வரும். கள்ளூற்றிக் கரைத்த மாவை ஓர் இரவுக்குள் பொங்க வைப்பது அதுதானே! நாம் பயிலும் இந்த மைசூரில் 1950-ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதற்கும் முன்னரே, 1940-களில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். கே. சுப்பிரமணியம் ஈஸ்டின் குரோமோசோம்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். ஆகவே, ஈஸ்ட் இந்த மண்ணுக்கு அயலானதன்று. ஆயினும் அதன் மற்றொரு முகத்தை நாம் அறிந்திருக்கிறோமா?

பச்சைக் குழந்தையின் வாயில் வெள்ளையாய்ப் படிவதை நம் பாட்டிமார் அக்கரம் என்பார்கள். அதற்குக் காரணம் காண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட். நலமாயிருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும்கூட அது வாளாவிருக்கிறது. உடல் தளர்ந்த காலத்தில், அல்லது நரம்பில் செருகிய குழாய் வழியாக, இத்தகைய ஈஸ்ட் குருதியில் கலந்துவிட்டாலோ உயிருக்கே இடர்!

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். குருதிச் சோதனை அறிக்கை வந்தது. அதில் இருந்தது ஒரே வரி: "ஈஸ்ட் வளர்ந்துள்ளது." எந்த ஈஸ்ட் என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்றார் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். பெரியப்பா பிழைத்து எழுந்தார். எனினும் அந்த விடை என்னை விடவில்லை. எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல என்பதே என் கருத்து. மரபியல் அதைத்தான் சொல்கிறது. ரொட்டி ஈஸ்டின் மரபுத் தொகுப்பு முழுவதும் 1996-இல் படிக்கப்பட்டது: 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 6,000 ஜீன்கள். காண்டிடா ஆல்பிகன்ஸிலோ 8 இணைக் குரோமோசோம்கள். அதுமட்டுமன்று. மற்ற உயிர்கள் பெரும்பாலும் லூசின் என்று படிக்கும் ஒரு மூவெழுத்துச் சொல்லை அது செரின் என்று படிக்கிறது. எழுத்து ஒன்று, பொருள் வேறு! இவ்விரண்டையும் ஒரே பெயரில் அடக்குவது, தமிழும் கன்னடமும் ஒரே மொழி என்பது போலாகும். இந்த ஊரில் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. காண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2009-இல் பெயர் பெற்றது. ஆரிஸ் என்றால் இலத்தீனில் காது. 2013-இல் அனுராதா சௌத்ரி குழுவினர் டில்லியில் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 12 நோயாளிகளிடம் அதைக் கண்டதாக அறிவித்தனர். வழக்கமான மருந்தாகிய ஃப்ளூகோனசோலுக்கு அது அடங்கவில்லை. மரபணுவை ஒப்பிட்டபோது அவை யாவும் ஒரே வமிசம் என்பதும், ஜப்பான், கொரிய வகைகளிலிருந்து வேறானவை என்பதும் புலனாயின. அதன் பொருள் என்ன? நோயாளியின் உடலில் முன்பே இருந்த ஈஸ்ட் தலைதூக்கியதன்று; மருத்துவமனைக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது என்று ஐயுற வேண்டியிருக்கிறது. கட்டிலிலும் கைப்பிடியிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பெயர் தெரிந்தால் நோயாளியைத் தனி அறைக்கு மாற்றலாம், குளோரின் கலந்த நீரால் துடைக்கலாம், மருந்தை மாற்றலாம். "ஈஸ்ட்" என்று மட்டும் தெரிந்தால் இவற்றுள் எதைச் செய்வது?

மாற்று மருந்துகள் ஏராளமாக இருக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். ஈஸ்ட் நமக்கு உறவு. பாக்டீரியா போலன்றி நம் உயிரணுவைப் போலவே உட்கரு கொண்டது. அந்த உறவினால்தான் ஈஸ்டில் உயிரணுப் பிரிவை ஆராய்ந்த ஹார்ட்வெல் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே உறவினால்தான் அதைக் கொன்று நம்மைக் காக்கும் மருந்தைக் காண்பதும் அரிதாகிறது. குருதியில் பரவிய காண்டிடாவுக்கு இன்று பெரிதும் கைகொடுப்பவை மூன்று மருந்து வகைகளே. ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறினாலே அவற்றுள் ஒன்று வலுவிழக்கக்கூடும். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சை நோய்ப் பட்டியலில் ஆல்பிகன்ஸும் ஆரிஸும் தலையாய பிரிவில் வைக்கப்பட்டிருக்கின்றன.

"கருவிக்குப் பெரும்பணம் வேண்டுமே, சிற்றூர் ஆய்வுக்கூடம் என் செய்யும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பெரிய மருத்துவமனைகளின் இயந்திரமே ஆரிஸை ஹெமுலோனீ என்ற வேறோர் இனமாகப் படித்து ஏமாந்ததுண்டு. ஆனால் தொடங்குவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. மனிதச் சீரத்தில் இட்டு, 37 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், ஆல்பிகன்ஸ் முளைவிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். முளை காணாவிட்டால் வெப்பப் பெட்டியை 42 பாகைக்கு உயர்த்தி வளர்த்துப் பாருங்கள்: ஹெமுலோனீ வளராது, ஆரிஸ் வளரும். அதற்குமேலும் ஐயமிருந்தால் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் நோய்ப்பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகம் இருக்கிறது. மாதிரியை அங்கே அனுப்பலாம்.

மானசகங்கோத்திரியில் நுண்ணுயிரியல் பயிலும் நண்பர்களுள் பலர் நாளை ஏதோ ஒரு மாவட்டத் தலைநகரின் ஆய்வுக்கூடத்தில் அமரப் போகிறவர்கள். கையெழுத்திடுமுன் அறிக்கையில் இனத்தின் பெயரையும் எழுதுங்கள். அன்றே அறிய இயலாவிடில், "இனம் இன்னும் அறியப்படவில்லை, சோதனை தொடர்கிறது" என்றாவது எழுதுங்கள்.