துளை சின்னது, ஓய்வு சின்னதல்ல

"கர்ப்பப்பை இறங்கியிருக்கு" என்பதை நம் லயத்துப் பெண்கள் காதோடு காதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. டிஸ்பென்சரியில் இடுப்பு வலி என்று சொல்லி பெனடோல் வாங்கிக்கொண்டு மறுநாளும் மலைக்கு ஏறிவிடுகிறார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளைப்பேற்றில் தளர்ந்த தசைகள் வயதோடு இன்னும் தளர்கின்றன. வருடக்கணக்காகப் பாரம் தூக்குவதும், விடாத இருமலும், மலச்சிக்கலும் சேர்ந்தால் கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழே சரிகிறது. சரிவில் நின்று 18, 20 கிலோ கொழுந்து சுமப்பவளுக்கு இது வந்தால் அது அவள் குற்றமா? மலையில் கக்கூஸும் இல்லாமல் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாளே, அது தனிக் கொடுமை.

நேரத்தோடு காட்டினால் பலருக்குத் தசைப் பயிற்சியோ, உள்ளே வைக்கும் வளையமோ போதும். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் தயங்காமல் சொல்லலாம்.

சத்திரசிகிச்சை என்றாலும் வயிற்றைப் பெரிதாக வெட்ட வேண்டியதில்லை. பிறப்புறுப்பு வழியாகவே செய்யலாம். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கமரா விட்டு, கர்ப்பப்பையை எடுக்காமலே மேலே இழுத்துக் கட்டும் முறையும் உண்டு. எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இல்லை. வலை வைப்பதாகச் சொன்னால், எந்த வழியாக என்று கேளுங்கள். இந்த வருத்தத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது.

நமக்கு உள்ள பயம் வேறு. துளை வழிச் சிகிச்சை என்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே காட்டப் பெரிய தழும்பு இல்லை. "சின்ன ஒப்பரேஷன்தானே, கூடையை எடு" என்பார் கங்காணி. ஆனால் உள்ளே போட்ட தையல் ஆற எடுக்கும் காலம் குறைவதில்லை. குறைந்தது 6 கிழமை, பல டொக்டர்மார் சொல்வது 3 மாதம், பாரம் தூக்கக் கூடாது. தூக்கினால் கட்டியது மறுபடி இறங்கலாம். இலவசமாகக் கிடைத்த சிகிச்சை கொழுந்து மடுவத்துக்குப் போகும் வழியில் வீணாகிவிடும்.

ஆகவே நாம் கேட்பது, டொக்டர் துண்டில் எழுதிய காலம் முழுவதும் பாரமில்லாத வேலை, நாட்சம்பளம் குறையாமல். அரைப்பேர் போடுவதற்கும் சம்மதிக்க மாட்டோம். துண்டு இருந்தும் கூடை கட்டச் சொல்லப்பட்டவர்கள் மாதர் தலைவியிடம் உடனே சொல்லுங்கள். துண்டை மட்டும் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள், பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.