ரிவர்ஸில் மட்டும் சத்தம்: வண்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: ''என்னுடையது 45 ஹெச்.பி. டிராக்டர். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. சேற்றுழவுக்கு கேஜ் வீல், புழுதிக்கு ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டுகிறேன். ஒரு மாதமாக ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் ஒரு மாதிரி சத்தம் வருகிறது. மகனைப் பின்னால் நடக்கவிட்டுக் கேட்கச் சொன்னேன், அவனுக்கும் பிடிபடவில்லை. வண்டியைப் பிரிக்க வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார் மெக்கானிக். சம்பா நெருங்குகிறது. என்ன செய்யலாம்?''
- வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: மகனை இனிமேல் வண்டிக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். ரோட்டவேட்டரும் மட்கார்டும் மறைப்பதால், வரப்பு தடுக்கி அவர் விழுந்தால்கூட உங்கள் கண்ணில் படாது. சத்தம் கேட்க ஆள் வேண்டுமென்றால் பக்கவாட்டில் பத்தடி தள்ளி, உங்கள் பார்வையிலேயே நிற்கட்டும். கருவிகளைக் கழற்றிவிட்டு, சமதரையில் சோதியுங்கள்.

'ஒரு மாதிரி சத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'பயிர் ஒரு மாதிரி இருக்கு' என்று எனக்கு வரும் கடிதங்களைப் போலத்தான் இதுவும். மஞ்சளானது அடி இலையா, நுனி இலையா என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. சத்தத்திலும் அந்த மாதிரி வகை உண்டு.

வேகம் கூடக் கூட 'ஙொய்ய்' என்று சீராக ஏறும் ஊளை பெரும்பாலும் இயல்பானது. பல வண்டிகளில் ரிவர்ஸ் கியரின் பல் நேராக வெட்டப்பட்டிருக்கும். சாய்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கவ்வும். நேர்பல் முழு அகலமும் ஒரே நேரத்தில் மோதும். கார்கள் பின்னால் வரும்போது ஊளையிடுவதும் இதனால்தான். ஆனால், உங்களுக்கு ஒரு மாதமாகத்தான் என்பதால் இதோடு விட்டுவிட முடியாது.

கியர் போடும் அந்த நொடியில் மட்டும் 'கர்ர்' என்றால் கிளட்சைப் பாருங்கள். வண்டி முழுதாக நிற்கும் முன் ரிவர்ஸ் தள்ளுவது நம் ஊரில் பெரும்பாலோரின் பழக்கம். நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்து, மூன்று நான்கு விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்படியும் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலின் ப்ளேயை வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்தாலே பல நேரம் போதும்.

'டொக்' என்றோ 'கடகட' என்றோ வந்தால், பிரிப்பதைப் பற்றி யோசிக்கும் முன் ஸ்பேனரை எடுங்கள். சக்கர நட்டுகள், கேஜ் வீல் போல்ட்டுகள், இணைப்புப் பின்கள் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். முன்னால் போகும்போது ஒரு பக்கமாக அழுந்திக் கிடக்கும் தளர்ந்த போல்ட், திசை மாறியதும் மறுபக்கம் போய்த் தட்டும். வரப்போரம் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு, பி.டி.ஓ.வை நிறுத்தாமல் ரிவர்ஸ் வருகிறீர்களா? அப்போது பி.டி.ஓ. ஷாஃப்டின் ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்கிக் கடகடக்கும். அதற்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

இவையெல்லாம் இல்லை, ரிவர்ஸில் ஓடும் நேரம் முழுக்க உறுமலோ 'டிக் டிக்' என்ற தட்டலோ கேட்கிறது என்றால், இரண்டு சோதனை செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, முன்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் மெதுவாகத் தள்ளட்டும். அப்போதும் சத்தம் வந்தால் சக்கரம், பிரேக், பின் ஆக்ஸில் பக்கம் தேடவேண்டும்.

அடுத்தது, முன் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு ஒரு சரிவில் மெதுவாக இறங்குவது. கிளட்சை மிதிக்கக் கூடாது. டெல்டாவில் சரிவுக்கு எங்கே போவது என்பீர்கள். ஆற்றுப் பாலத்து இறக்கம் போதும். உழும்போது கிரௌன் வீல் பற்களின் ஒரு முகத்தில்தான் சுமை விழும். ரிவர்ஸிலும் இப்படி இறங்கும்போதும் சுமை மறுமுகத்துக்கு மாறும். அதனால் இறக்கத்தில் அதே சத்தம் கேட்டால் கிரௌன் வீல், பினியன் மீது சந்தேகப்படலாம். இரண்டு சோதனையிலும் அமைதியாக இருந்து, ரிவர்ஸில் மட்டும் வந்தால் ரிவர்ஸ் ஐட்லர் கியரோ அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மெக்கானிக் சொன்னதில் தப்பில்லை.

எப்படியானாலும் முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள். சேற்றில் ஓடிய வண்டியில் சீல் வழியே தண்ணீர் இறங்கியிருக்கலாம். பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் முழுக்க மாற்றிவிட வேண்டும். எண்ணெய்யில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டி என்றால் கையேட்டில் உள்ள ரகத்தையே ஊற்றுங்கள். வேறு ரகம் ஊற்றினால் பிரேக்கே கரகரக்கும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை இருந்தால் பயமில்லை. மின்னும் செதிலோ துண்டோ ஒட்டியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். உடைந்த ஒரு பல் மற்ற கியர்களுக்கிடையில் சிக்கினால் முப்பதாயிரத்தோடு நிற்காது. சம்பா உழவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆயில் சுத்தமாக இருந்து, லேசான ஊளை மட்டும் என்றால் சம்பா உழவை முடித்துவிட்டே பட்டறைக்குப் போகலாம். பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள், மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வடித்த ஆயில் என்ன நிறத்தில் இருந்தது, காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.