பந்தியில் பரிமாறியதை இன்டர்வியூவில் சொல்லலாமா?

ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்தால், பொறியியல் கடைசி வருடம் படிக்கும் அந்தப் பையன் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவான். கேட்டரிங் வேலை. கறுப்பு பேன்ட், கான்ட்ராக்டர் கொடுக்கும் சட்டை, தலையில் ஒரு தொப்பி. இலை போடுவதில் தொடங்கி, கடைசிப் பந்தி முடிந்து மேஜை துடைக்கும் வரை நிற்க வேண்டும். அன்றைய கூலி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். பஸ் செலவு, ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. வகுப்பில் நாலைந்து பேருக்குத்தான் இது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் அவன் எண்ணமும்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்பாகக் கல்லூரியில் ஒரு மாதிரி நேர்காணல் நடந்தது. பல வருடம் ஹெச்.ஆர். துறையில் இருந்த ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். அவனிடம் கேட்டார்: "நெருக்கடியான நேரத்துல ஒரு வேலையை நீங்க சமாளிச்ச சம்பவம் ஒண்ணு சொல்லுங்க."

"ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர் சார். ஐ கேன் வொர்க் அண்டர் பிரஷர்."

"சரி. எப்போ அப்படி வேலை செஞ்சீங்க?"

"எக்ஸாம் டைம்ல சார்."

"அப்போ என்ன பண்ணினீங்க?"

"படிச்சேன் சார்."

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முந்தின ஞாயிறுதான் இருநூறு இலைக்குச் சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு ஓடியிருந்தான். நெருக்கடியை அவன் அளவுக்குப் பார்த்தவர்கள் அந்த அறையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால், அது 'சொல்லக்கூடிய விஷயம்' என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

குணத்தைக் கேட்கவில்லை, சம்பவத்தைக் கேட்கிறார்கள்

"குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்?", "தோற்றுப்போன அனுபவம் ஒன்று?", "யாரும் சொல்லாமலே நீங்களாக எடுத்துச் செய்த வேலை எது?" இந்த மாதிரிக் கேள்விகளுக்கு பிஹேவியரல் கேள்விகள் என்று பெயர். ஐ.டி. கம்பெனி, வங்கி, மருத்துவமனை நிர்வாகம் என்று எங்கே போனாலும் இப்போது இவற்றில் ஒன்றிரண்டாவது வந்துவிடுகின்றன. அமேசான் போன்ற நிறுவனங்கள் இப்படித்தான் கேட்போம், தயாராக வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க விமானப் படையில் பைலட் பயிற்சியிலிருந்து நிறைய பேர் கழித்துக் கட்டப்பட்டார்கள். காரணம் கேட்டால், 'இவனுக்கு விமானம் ஓட்டும் திறமை இல்லை', 'முடிவெடுக்கத் தெரியவில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைத்திருந்தார்கள். ஜான் ஃப்ளானகன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும், அபிப்பிராயம் வேண்டாம், அன்றைக்கு என்ன நடந்தது, அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள் என்று சம்பவங்களாகச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். அந்த முறையை 1954-ல் ஃப்ளானகன் விரிவான கட்டுரையாக எழுதினார். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் பிற்பாடு அதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். 'நான் பொறுமைசாலி' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பொறுமையாக இருந்த ஒரு நாளைச் சொல்வதற்கு, அப்படி ஒரு நாள் இருந்திருக்க வேண்டுமே!

வேலை அனுபவமே இல்லாத மாணவர்களிடம் இதைக் கேட்பது நியாயமா என்று பெற்றோர் கேட்கலாம். கேட்பவர்கள் ஆபீஸ் அனுபவத்தை எதிர்பார்ப்பதில்லை. ஹாஸ்டல் மெஸ் கமிட்டி, கல்லூரி சிம்போசியம், நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் கிராமத்தில் தங்கிய முகாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்த டியூஷன், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே எழுதிய செமஸ்டர்... எல்லாமே கணக்கில் வரும்.

கடைசியில் சொன்னதில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கண் கலங்க வைத்தால் வேலை கிடைத்துவிடும் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பான யோசனை. அம்மாவின் உடம்புக்கு என்ன என்று நாலு நிமிடம் சொல்லிவிட்டு, அந்த நாள்களில் படிப்பை எப்படிச் சமாளித்தார் என்பதை அரை வரியில் முடித்தால், எதிரே இருப்பவர் வருத்தப்படுவாரே தவிர, குறித்துக்கொள்ள அவருக்கு எதுவும் கிடைக்காது.

இரண்டாவது கேள்வியில் உடையும் கதைகள்

கோச்சிங் சென்டர்களிலும் யூடியூபிலும் ஸ்டார் என்று ஒரு முறை சொல்லித் தருகிறார்கள். சூழ்நிலை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது என்ற நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் அந்த ஸ்டார். நல்ல முறைதான். ஆனால், பெரும்பாலான மாணவர்கள் சூழ்நிலையிலேயே மூச்சு வாங்கிவிடுகிறார்கள். கல்லூரியின் பெயர், துறையின் பெருமை, விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் வரை சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மொத்தமே இரண்டு நிமிடம் பேசினால் போதும். அதில் பாதிக்கு மேல் 'என்ன செய்தேன்' என்பதற்குப் போக வேண்டும்.

முறை தெரிந்ததும் அடுத்த ஆபத்து, கதையைக் கடன் வாங்குவது. வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். சுற்றும். அதில் ரத்த தான முகாம் நடத்திய கதை ஒன்று இருக்கும். ஒரே நாளில், ஒரே கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்து அதே முகாமைத் 'தலைமையேற்று' நடத்தியிருப்பார்கள். மூன்றாமவரிடம், "எத்தனை யூனிட் கிடைச்சுது? மீதி பேரை ஏன் திருப்பி அனுப்பினாங்க?" என்று கேட்டால் போதும். கடையில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கும் இதே கதிதான். வாங்கியது என்பது கேட்கிறவருக்குத் தெரியாது என்று நம்புவது மாணவர்கள் மட்டும்தான்.

சொந்த அனுபவத்தைச் சொல்பவருக்கும் சங்கடமான கேள்வி வரலாம். ஒரு மாணவியின் ப்ராஜெக்ட் குழுவில் நாலு பேர். ஒருவர் கடைசி வரை தன் பங்கைச் செய்யவே இல்லை. இவள் இரண்டு ராத்திரி கண் விழித்து, அதையும் சேர்த்து முடித்துக் கொடுத்தாள். குழுவில் வந்த சிக்கலுக்கு உதாரணமாக இதை உற்சாகமாகச் சொன்னாள். "அவர்கிட்ட ஏன் செய்யலைன்னு கேட்டீங்களா?" என்றார் எதிரே இருந்தவர். கேட்கவில்லை. சண்டை வந்துவிடுமோ என்று பயம். பொய் சொல்லச் சரியான இடம் அது. அவள், "கேட்கலை மேடம். கேட்டிருக்கணும். அவன் பகுதியில ஒரு சாஃப்ட்வேர் அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கு, பிற்பாடுதான் தெரிஞ்சுது. அடுத்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல வாரா வாரம் உட்கார்ந்து பேசணும்னு முதல்லயே சொல்லிட்டேன்" என்றாள். கண் விழித்த கதையைவிட இந்தப் பதில்தான் எடை கூடியது.

தோல்வி பற்றிய கேள்விக்கும் இதே அணுகுமுறைதான். 'நான் எல்லாவற்றையும் ரொம்ப நேர்த்தியாகச் செய்வேன், அதுதான் என் குறை' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு ஹெச்.ஆர்.காரர்களுக்குக் காது புளித்துவிட்டது. அரியர் விழுந்திருந்தால் அது மார்க் ஷீட்டிலேயே இருக்கும், மறைக்க முடியாது. கணக்குப் பேப்பரில் ஏன் போனது, அடுத்த முறை படிக்கும் விதத்தில் எதை மாற்றினார், எத்தனை மார்க்கில் தேறினார் என்று சொல்லிவிடலாம். ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் சேர்த்துக்கொள்ளாத நிறுவனங்கள் பல உண்டு. அது விதி, பேச்சால் மாறாது. ஆனால், முடித்துவிட்ட அரியர் ஒரு நல்ல பதிலாக மாறலாம், வாத்தியாரைக் குறை சொல்லாத வரைக்கும்.

'செய்தோம்' என்றால் யார் செய்தது?

நம் வீடுகளில் தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகில்லை என்று சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பழக்கம் இன்டர்வியூ அறைக்குள்ளும் கூடவே வந்துவிடுகிறது. 'ஏற்பாடு செய்தோம்', 'பேசினோம்', 'முடித்தோம்' என்று எல்லாம் 'ஓம்' விகுதியிலேயே போகும். ஆங்கிலத்தில் பேசினாலும் அதே 'வி'தான். பத்துப் பேர் சேர்ந்து செய்ததில் இவருடைய பங்கு எது என்று கேட்பவருக்குக் கடைசி வரை பிடிபடாது. மற்றவர்கள் செய்ததை 'செய்தோம்' என்றும், தான் செய்ததை 'செய்தேன்' என்றும் பிரித்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. கணக்குச் சொல்வது மாதிரிதான் அதுவும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டத்துக்கு 'நான் முதல்வன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த முதல் வார்த்தையைத்தான் நம் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைக்க முடிவதில்லை.

ஆங்கிலம் வராதே என்ற பயம் தனி. இதற்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் அந்தச் சம்பவத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். "அப்புறம் என்னடா பண்ணினே?", "அவன் சும்மாவா விட்டான்?" என்று அம்மா குறுக்கே கேட்கும் இடங்களில்தான் இன்டர்வியூ எடுப்பவரும் கேட்பார். அந்த ஓட்டைகளை அடைத்த பிறகு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் அதையே சொல்லிப் பழகலாம். மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு வார்த்தை மறந்ததும் மொத்தமும் நின்றுவிடும். நடந்தது ஞாபகம் இருப்பவருக்கு வேறு வார்த்தை கிடைத்துவிடும். இப்படி ஐந்தாறு சம்பவங்கள் கைவசம் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த மாதிரி நேர்காணல். அதே ஹெச்.ஆர்.காரர், அதே கேள்வி. இந்த முறை அந்தப் பையன் தயங்கித் தயங்கி கேட்டரிங் கதையை ஆரம்பித்தான். பந்தியை ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று திணறியபோது, "பந்தின்னே சொல்லுங்க" என்றார் அவர்.

நாலு வரிசை, இருநூறு இலை. பரிமாற வர வேண்டிய பதினாறு பேரில் நாலு பேர் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்கு ஆட்கள் இடம் பிடித்து நிற்கிறார்கள். சூப்பர்வைசர் எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். இவன் போய், நாலு வரிசைக்கும் ஒரே நேரத்தில் சாதம் போட வேண்டாம், முதலில் இரண்டு வரிசைக்குச் சாதமும் சாம்பாரும் போகட்டும், அதற்குள் மற்ற இரண்டுக்கும் இனிப்பு, பொரியல், கூட்டு, அப்பளம் வைத்துவிடலாம், அப்புறம் ஆட்கள் இடம் மாறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறான். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டதும் அவனே. அந்தப் பந்தி தாமதம் இல்லாமல் எழுந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு வரிசையின் பொறுப்பை கான்ட்ராக்டர் அவனிடமே கொடுத்துவிட்டார்.

"எந்த ரெண்டு வரிசைக்கு முதல்ல சாதம்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

அவன் யோசிக்கவே இல்லை. "சின்னப் பசங்களும் வயசானவங்களும் அதிகமா இருந்த வரிசை சார். அவங்க பசி தாங்க மாட்டாங்க."

"எல்லாம் சரியா நடந்துதா?"

"இல்ல சார். ஆள் மாறின குழப்பத்துல கடைசி வரிசைக்குப் பாயசம் போட மறந்துட்டோம்" என்றவன், ஒரு நொடி நிறுத்தினான். "மறந்துட்டேன் சார். பொண்ணோட மாமா வந்து கேட்டப்புறம்தான் ஓடினேன்."